மறு: ஹேரா தெலெயா – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். கிரேக்கத் தொன்மச் சொற்கோவையில், தெய்வங்களின் அரசன் ஜீயஸின் மனைவி ஹேராவின் பட்டப்பெயர்கள் மட்டும் இன்னும் முடியாமல் நிற்கின்றன. இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நல்ல சொற்கள் வந்திருக்கின்றன. ஆனால் பல சொற்கள் அகராதியில் இருக்கும் ஆங்கிலப் பொருளைப் பார்த்து உண்டாக்கியவை. அந்த ஊர்க்காரர்கள் அவளை எப்படிக் கும்பிட்டார்கள், எந்தச் சடங்கில் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல் தேடினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்படித் தேடியதில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். மடல் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரின் எழுத்துக்கூட்டல். ஹீரா, ஈரா, ஹேரா என்று மூன்றும் நம் குழுமத்திலேயே புழங்குகின்றன. பழங்கிரேக்கத்தில் அந்த உயிர் நெடில் ஏகாரம். பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையுள்ள களிமண் பலகை ஒன்றில் ஜீயஸுக்கும் இவளுக்கும் பொற்கலம் காணிக்கை கொடுத்த குறிப்பு இருக்கிறது. அதில் இவள் பெயர் இரண்டே அசைக்குறிகளில், ‘எ-ரா’ என்று இருக்கிறது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான், ஹோமருக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தத் தம்பதி சேர்ந்து வழிபடப்பட்டது தெரிந்தது. ஆகவே ஹேரா. ‘ஹீரா’ ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது, அதை விட்டுவிடலாம்.

அடுத்து, அவளுக்குக் கொடுக்கும் ஒருவரி விளக்கம். “திருமணத் தெய்வம்” என்று வைத்திருக்கிறோம். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழில் திருமணம் என்றதும் மண்டபமும் மேளமும்தான் நினைவுக்கு வரும். மணநாளுக்கு, மணப்பாட்டுக்கு, கிரேக்கர்களிடம் ஹிமெனையோஸ் என்ற தனித் தெய்வம் உண்டு. மணமாகும் வரை பெண் ஆர்ட்டெமிஸ் என்ற கன்னித் தெய்வத்தின் பொறுப்பு. ஆசை அஃப்ரோடைட்டி என்ற காதல் தெய்வத்தின் பக்கம். ஹேராவின் பொறுப்பு இதற்கெல்லாம் பிறகு வருவது: கட்டிய உறவு நிற்பது, அதற்கு ஊர் கொடுக்கும் மதிப்பு, அது முறிந்தால் எழும் கோபம். எனவே “மணவாழ்வின் தெய்வம்” என்று மாற்றச் சொல்கிறேன். ஒரு சொல்தான் மாறுகிறது, பொருள் நேராகிவிடுகிறது.

சரி, இப்போது தெலெயா என்ற பட்டப்பெயர்.

வந்த பரிந்துரைகள் இவை: முழுமைத் தேவி, பூரணி, முதிர்ந்தவள், சுமங்கலி.

இந்தப் பெயரைத் தனியாக எடுத்துப் பொருள் பார்ப்பதுதான் நம் இடைஞ்சல். பவுசானியாஸ் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்கச் சுற்றிக் கோயில் கோயிலாகக் குறிப்பு எழுதியவர். ஆர்க்கேடியாவில் ஸ்டிம்ஃபாலோஸ் என்ற ஊரைப் பற்றி எழுதும்போது, அங்கே பழைய காலத்தில் ஹேராவுக்கு மூன்று கோயில் இருந்ததாகச் சொல்கிறார். அவளை அங்கே வளர்த்தவர் டெமெனோஸ். அவரே மூன்று கோயிலையும் கட்டி, மூன்று பெயரும் வைத்தாராம். அவள் கன்னியாக இருந்தபோது பாயிஸ். ஜீயஸை மணந்ததும் தெலெயா. ஜீயஸுடன் ஏதோ மனத்தாங்கல் வந்து ஸ்டிம்ஃபாலோஸுக்கே திரும்பி வந்தபோது கேரா.

ஒரே தெய்வம், ஒரே ஊர், மூன்று நிலை. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் சொல் காண வேண்டும். ஒன்றுக்கு வைக்கும் சொல் மற்ற இரண்டோடு ஒட்டாமல் போனால் அது உதவாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் “சுமங்கலி” முதலிலேயே விழுகிறது. கணவன் உயிரோடு இருப்பதை வைத்துப் பெண்ணுக்கு மங்கலம் தரும் சொல் அது. அந்தச் சொல்லை எழுதும்போதே அதற்கு எதிர்ச்சொல்லும், அதன் மேல் நாம் ஏற்றிவைத்த அமங்கலமும் கூட வந்து நிற்கும். ஸ்டிம்ஃபாலோஸில் அப்படி இல்லை. கேராவுக்கும் கோயில். கோபித்துக்கொண்டு வந்தவளுக்கும் வழிபாடு. இது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. “சுமங்கலி” என்று போட்டால் அதை நாமே அழித்துவிடுவோம்.

“முதிர்ந்தவள்” ஆங்கில மொழிபெயர்ப்புகளில் உள்ளதை நேராகப் பெயர்த்தது. முதிர்கன்னி என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்று பாருங்கள். மணமாகாதவளை. தெலெயாவுக்கு நேர் எதிர்.

“பூரணி” அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஏற்கெனவே குடியிருக்கும் சொல். அன்னபூரணி இருக்கிறாள், ஐயனாரின் இருபுறமும் பூரணை புட்கலை இருக்கிறார்கள். படிப்பவர் ஹேராவை அவர்களோடு சேர்த்துப் பார்ப்பார்.

“முழுமை”யில் குறை என்னவென்றால், அது தத்துவச் சொல்லாக ஒலிக்கிறது. கிரேக்கத்தில் ‘தெலோஸ்’ முடிவு, நிறைவேற்றம், சடங்கு என எல்லாப் பொருளிலும் வரும். பலிக்குரிய விலங்கு வளர்ந்து, குறையில்லாமல் இருந்தால் அதைத் ‘தெலெயோஸ்’ என்பார்கள். திருமணத்துக்கு முன்பு செய்யும் பலிச் சடங்குகளுக்குப் ‘புரோதெலெயா’ என்று பெயர், அதாவது தெலோஸுக்கு முந்தியவை. அப்படியானால் தெலோஸ் எது? திருமணமேதான். கி.மு. 458-இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில், தாயைக் கொன்ற மகனைத் துரத்தும் பழிதேவதைகளிடம் அப்போலோ வாதாடுகிறார். கணவனைக் கொன்ற அந்தத் தாயை நீங்கள் விட்டுவிட்டீர்கள், தெலெயா ஹேராவும் ஜீயஸும் உறுதி செய்த பிணைப்புக்கு உங்களிடம் மதிப்பே இல்லையா என்பது அவர் கேள்வி. வழக்காடும் இடத்தில், மண ஒப்பந்தத்துக்குச் சாட்சியாக நிற்கும் பெயர் இது. “முழுமைத் தேவி” என்று போட்டால் அந்த வழக்காடும் வலு வராது.

என் பரிந்துரை: நிறைவி.

தலைவி, இறைவி, துணைவி என்ற வாய்பாட்டிலேயே அமைகிறது. நிறைவு, நிறைவேறுதல் இரண்டும் உள்ளே இருக்கின்றன. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று. பழந்தமிழில் ‘நிறை’ என்பதற்கு மன உறுதி, கற்பு என்ற பொருளும் உண்டு. “மகளிர் நிறைகாக்கும் காப்பே தலை” என்ற குறளை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேராவுக்கு அந்தப் பொருளும் பொருந்துமா என்று ஒரு நண்பர் கேட்கலாம். பொருந்தும். ஜீயஸின் காதல் கதைகளை எண்ணி மாளாது. ஹேராவின் பக்கம் அப்படி ஒன்று கிடையாது. இக்ஸியோன் என்ற மன்னன் அவள் மேல் ஆசை வைத்தபோதுகூட, ஜீயஸ் ஒரு மேகத்தை ஹேராவின் உருவில் செய்து அனுப்ப, அவன் அந்த மேகத்தைத் தழுவி அகப்பட்டுக்கொண்டான். பிறகு எரியும் சக்கரத்தில் கட்டப்பட்டான். அவளோ நெருங்க முடியாதவளாகவே இருந்தாள். மணத்தால் நிறைந்தவள், நிறை காத்தவள் என இரண்டு பொருளையும் ஒரு தமிழ்ச் சொல் தாங்குகிறது என்றால் அதை விட்டுவிடக் கூடாது.

அப்புறம் கேரா. அகராதி ‘விதவை’ என்கிறது. ஜீயஸ் சாவில்லாதவர். அவர் மனைவி எப்படி விதவையாவாள்? அந்தக் கிரேக்கச் சொல்லின் அடிப்பொருள் இழந்தவள், துணையற்றவள் என்பதுதான். கணவனை இழந்தவள் என்பது அதன் பெருவழக்கு. கதையையும் பாருங்கள்: சண்டை போட்டுக்கொண்டு, தன்னை வளர்த்த ஊருக்கே வந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்த பெண். நம் ஊரில் இந்த நிலைக்குப் புழங்கும் சொல் எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே எழுதவும் எனக்கு மனமில்லை. அது வசைச்சொல். தெய்வத்தின் பட்டப்பெயருக்கு மட்டும் அல்ல, எந்தப் பெண்ணுக்கும் அது வேண்டாம். “கைம்பெண்” என்று ஒருவர் எழுதியிருந்தார், அதில் மரணம் வந்துவிடுகிறது. “தனியள்” என்று வைக்கலாம் என்கிறேன். பழைய சொல், ஒலியில் மதிப்பு குறையவில்லை, தனித்து இருக்கிறாள் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

பாயிஸுக்கு “சிறுமி” போதும். பேதை, பெதும்பை, மங்கை என்று நம் ஏழு பருவங்களில் ஒன்றை எடுக்கலாமே என்று ஒரு மடல் வந்தது. அந்த ஏழும் வயதை வைத்துப் பிரித்தவை. ஹேராவின் மூன்றும் மணத்தை வைத்துப் பிரித்தவை. கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்த மூன்று நிலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முடிந்துபோகும் படிகள் அல்ல என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். நாஃப்ளியாவில் கனத்தோஸ் என்று ஒரு நீரூற்று. ஆண்டுக்கு ஒருமுறை ஹேரா அதில் நீராடி மறுபடி கன்னியாகிவிடுகிறாள் என்று ஆர்கோஸ் மக்கள் சொன்னதாகப் பவுசானியாஸ் எழுதுகிறார். சிறுமி நிறைவியாகி, தனியளாகி, மறுபடியும் சிறுமியாகிறாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பிளாட்டேயா ஊரில் இதைக் கண்ணால் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அங்கே ஹேராவின் கோயிலுக்குள் இரண்டு சிலை. ஒன்று நின்ற கோலம், பெரிய உருவம், பெண்டெலிக்கோன் மலையின் பளிங்கில் பிராக்ஸிடெலீஸ் செதுக்கியது. அவள் பெயர் தெலெயா. இன்னொன்று அமர்ந்த கோலம், கல்லிமாக்கோஸ் செய்தது. அவள் பெயர் நிம்ஃபெவோமெனே, அதாவது மணக்கோலத்தில் இருப்பவள். ஒரே கோயிலில் நிறைவியும் மணப்பெண்ணும். இரண்டுக்கும் வேறு வேறு சொல் நமக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நிம்ஃபெவோமெனேக்கு “மணக்கோலத்தாள்” என்று வைக்கலாம்.

அந்த மணப்பெண் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை, குறிப்பில் கட்டாயம் வர வேண்டியது. ஹேரா எதற்கோ கோபித்துக்கொண்டு யூபோயா தீவுக்குப் போய்விட்டாள். ஜீயஸ் எவ்வளவு சமாதானம் சொல்லியும் வரவில்லை. கித்தைரோன் என்ற தலைவனிடம் யோசனை கேட்டார். அவன் சொன்னபடி ஒரு மரப்பாவை செய்து, துணி போர்த்தி, மாட்டுவண்டியில் ஏற்றி, ஆசோப்போஸ் ஆற்றின் மகளை மணம் முடிக்கப் போவதாகச் செய்தி பரப்பினார். ஹேரா உடனே வந்து சேர்ந்தாள். வண்டியை நெருங்கி, மணப்பெண்ணின் துணியைப் பிடித்துக் கிழித்தாள். உள்ளே கட்டை. அவளுக்குக் கோபம் போய்விட்டது, இருவரும் சேர்ந்துவிட்டார்கள்.

இதன் நினைவாக நடக்கும் திருவிழாதான் தைதலா. பெரிய தைதலா 59 ஆண்டு இடைவெளி விட்டு வரும். போயோட்டியா நாட்டின் பல ஊர்களும் சேர்ந்து 14 மரப்பாவைகளை வண்டியேற்றி, கித்தைரோன் மலையுச்சிக்கு இழுத்துப் போவார்கள். பாவையோடு மணத்தோழியாக ஒரு பெண்ணும் வண்டியில் நிற்பாள். உச்சியில் செங்கல் அடுக்குவது மாதிரி மரத்துண்டுகளை அடுக்கிப் பலிபீடம். ஹேராவுக்குப் பசு, ஜீயஸுக்குக் காளை. கடைசியில் பாவைகள், பலி, பீடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். அந்த நெருப்பு வெகுதூரத்துக்குத் தெரியும் என்கிறார் பவுசானியாஸ். மணத்தைக் கொண்டாடும் விழா, மணமுறிவையும் பொறாமையையும் சமாதானத்தையும் சேர்த்தே நடித்துக் காட்டுகிறது. தைதலாவுக்கு “பாவைவிழா” என்று வந்த பரிந்துரையை நான் முழு மனதாக ஏற்கிறேன். மார்கழிப் பாவை நோன்போடு குழம்பாதா என்ற ஐயத்துக்கு “மரப்பாவை விழா” என்று நீட்டிவிட்டால் சரியாகிவிடும்.

மணத்துக்குரியவள் என்று பொருள்படும் கமேலியா என்ற பட்டப்பெயருக்கு “மணத்தாய்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். “மணவியல் ஹேரா” என்று வந்ததைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் தாய்மை ஹேராவின் வலுவான பக்கம் அல்ல, பிள்ளைப்பேறு அவள் மகள் ஐலெய்தியாவின் துறை. “மணக்காவலி” என்று வைத்தால் என்ன? கமேலியாவுக்குப் பலியிடும்போது விலங்கின் பித்தப்பையை மட்டும் தனியே அறுத்தெடுத்து, மற்ற உறுப்புகளோடு படைக்காமல், பீடத்தின் பக்கத்தில் எறிந்துவிடுவார்களாம். இல்வாழ்க்கைக்குள் கசப்பும் சினமும் நுழையக் கூடாது என்பதற்காக இப்படி ஒரு வழக்கத்தை முன்னோர் வைத்தார்கள் என்று, புதுமணத் தம்பதி ஒன்றுக்கு எழுதிய அறிவுரையில் புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் சொல்கிறார். உள்ளே வரக்கூடாததை வெளியே வைக்கும் தெய்வத்துக்குக் “காவலி” பொருந்துகிறது. ஏதென்ஸ் நாட்காட்டியில் நம் தை, மாசியை ஒட்டி வரும் மாதத்துக்குக் கமேலியோன் என்று பெயர், அதை “மணமாதம்” எனலாம்.

இங்கேதான் இன்னொரு விவாதமும் கிளம்பியிருக்கிறது. ‘கமோஸ்’ என்றால் மணம், ஆகவே அது நம் ‘காமம்’ என்று இரண்டு மடல்கள். அன்போடு மறுக்கிறேன். கிரேக்கச் சொல்லின் முதல் எழுத்து, தமிழில் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரத்தின் ஒலி. காமத்தில் வருவது வல்லொலி. நம் எழுத்து இரண்டையும் ஒரே ககரத்தால் எழுதுவதால்தான் ஒன்று போலத் தெரிகிறது. உயிரும் அங்கே குறில், இங்கே நெடில். பொருளும் வேறு: காமம் ஆசையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, கமோஸ் மணமுடித்தலைக் குறிப்பது. உயிரியலில் இனச்செல் என்று நாம் எழுதும் கேமீட், இந்தக் கமோஸின் உறவுதான். அந்தத் திசையில் தேடினால் பயனுண்டு.

அந்தத் திசையிலேயே ஒரு நல்ல புதையல். ஹேராவுக்கு ‘ஸூகியா’ என்றும் ஒரு பெயர். நுகத்தால் பிணைப்பவள் என்று பொருள். மெதேயா என்ற இளவரசியை மணப்பேன் என்று யாசோன் என்ற வீரன் சத்தியம் செய்யும்போது, ஜீயஸையும் ஸூகியா ஹேராவையும் சாட்சிக்கு அழைக்கிறான். அந்தச் சத்தியத்தை அவன் பிறகு முறித்துவிட்டான். ஸூகோன் என்றால் நுகம். கருவுற்ற முதல் செல்லுக்கு இட்ட ஸைகோட் என்ற பெயரும் அதே வேர். இலங்கைத் தமிழ் உயிரியல் நூல்களில் அதை ‘நுகம்’ என்றே எழுதுகிறார்கள். கலைச்சொல் ஆக்கியவர்கள் வேர் வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள், அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். நம் பக்கத்திலும், வைதிகத் திருமணங்களில் மணப்பெண்ணின் தலைக்கு மேல் நுகத்தடியைப் பிடித்து அதன் துளை வழியே நீர் விடும் சடங்கு உண்டு. ஆகவே ‘நுகத்தாள்’ என்றால் எந்தத் தமிழ் வாசகரும் மிரள மாட்டார். ஆர்கோஸ் கோயில் கதையிலும் நுகம் வருகிறது: ஹேராவின் திருவிழாவுக்கு வண்டி மாடுகள் நேரத்துக்கு வராததால் கிளியோபிஸ், பிட்டோன் என்ற இரு மகன்களும் தாங்களே நுகத்தடியில் தோள் கொடுத்து, தாயை 45 ஸ்டேடியம் தூரம், அதாவது 8 கிலோமீட்டர் போல, இழுத்துப் போனார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

இனி ‘ஹியெரோஸ் கமோஸ்’. ஜீயஸ், ஹேரா திருமணத்தை ஆண்டுதோறும் நடத்திக் காட்டும் சடங்கு. கிரீட் தீவில் குனோஸோஸ் அருகே ஆற்றங்கரைக் கோயிலில் அப்படி நடத்தினார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் திரு + மணம், அதாவது திருமணம் என்றே வந்துவிடும். அந்தச் சொல்லை நாம் எல்லார் கல்யாணத்துக்கும் கொடுத்துவிட்டோம். “திருக்கல்யாணம்” என்று மதுரைக்காரர்கள் உறுதியாக நிற்கிறார்கள். சித்திரையில் மீனாட்சிக்கும் சுந்தரேசுவரருக்கும் நடப்பதும் இந்த வகைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கலைச்சொல் இன்னும் அகலமானது. ஏதென்ஸில் மன்னர்ப் பட்டம் தாங்கிய அதிகாரியின் மனைவியை டயோனிசஸ் என்ற தெய்வத்துக்கு மணமுடித்து வைத்த சடங்கும், சுமேரியாவில் மன்னன் இனன்னா என்ற தெய்வத்தின் கணவனாகப் பாடப்படுவதும் இதில் அடங்கும். தெய்வமும் மனிதரும் மணப்பதைத் திருக்கல்யாணம் என்றால் ஆண்டாளைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள். எனவே பொதுச்சொல்லாக “இறைமணம்”, தமிழ்க் கோயில்களில் நடக்கும் அதன் வடிவத்துக்குத் “திருக்கல்யாணம்”. இரண்டும் தம் தம் இடத்தில் இருக்கட்டும்.

தாவரவியல் கற்பிக்கும் அம்மா லிகோஸ் மரத்தைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சாமோஸ் தீவில் ஹேரா பிறந்தது இம்பிராசோஸ் ஆற்றங்கரையில், லிகோஸ் மரத்தடியில் என்பது ஐதிகம். பழைய ஆங்கில நூல்களில் இதை வில்லோ என்று பெயர்த்திருப்பதைப் பார்த்து நம் பட்டியலிலும் யாரோ அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். லிகோஸ் என்பது வைட்டெக்ஸ் இனச் செடி. நம் வேலியோரத்து நொச்சியும் அதே பேரினம். வளைந்து கொடுக்கும் மிலாறு, விரல் போலப் பிரிந்த இலை, நீலமும் ஊதாவும் கலந்த பூங்கொத்து என்று பார்த்த மாத்திரத்தில் அக்காள் தங்கை என்று தெரிந்துவிடும். சாமோஸ் விழாவில் ஹேராவின் சிலையையே அந்தக் கொம்புகளால் சுற்றிக் கட்டுவார்கள். அவள் ஊரைவிட்டுப் போய்விடாமல் இருக்கவாம். “கிரேக்க நொச்சி” என்று போடுவோம். கோட்டை மதிலைக் காத்தவர்கள் சூடிய பூ நொச்சி என்பதால், காவலுக்குப் பெயர்போன இவள் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்க்க எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஹோமர் அடிக்கடி சொல்லும் ‘போவோப்பிஸ்’, பசுவின் கண் உடையவள். அதை “மான்விழியாள்” என்று மென்மையாக்க வேண்டாம். பசு அவளுக்குரிய விலங்கு, அவளுடைய ஆர்கோஸ் பூசாரியான ஈயோ மாறியதும் பசுவாகத்தான். “ஆவிழியாள்” என்றே வைப்போம்.

வரும் ஞாயிறு வரை பார்க்கிறேன். நிறைவி, தனியள், இறைமணம் மூன்றுக்கும் மாற்றுச் சொல் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். சும்மா “ஒலி நன்றாக இல்லை” என்று மட்டும் எழுதாமல், எந்த வாக்கியத்தில் இடறுகிறது என்று காட்டினால் திருத்துவது எளிது. மணக்காவலியில் எனக்கே பிடிவாதம் இல்லை, அதைவிடச் சுருக்கமாக ஒன்று கிடைத்தால் மாற்றிவிடலாம். ஹேராவின் மகள்கள் ஐலெய்தியாவையும் ஹேபேயையும் அடுத்த மடலில் எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.